சுபேதார் பூட்டிய ஷட்டர்

மாசி 4, ஞாயிறு

காலையில் நல்ல பனி. வெயில் ஏற எட்டு மணி ஆனது. தேதியும் கிழமையும் காலண்டர் தாளைப் பார்த்து எழுதினேன். முன்பு மருமகள் செல்வி தாள் கிழிப்பாள். இப்போது நான். கிழித்ததும் பின்பக்கம் இருப்பதையும் படிக்கிறேன். இன்று வெந்தயத்தின் பயன்கள்.

இன்று படித்தவை: உப்புப் பாக்கெட். உர மூட்டை, முழுவதும். ஒரு கல்யாண பிளக்ஸ், அதில் உள்ள அத்தனை மாமன் மச்சான் பெயரும். பஸ் போர்டு.

பஸ் தூரத்தில் வரும்போதே "தாராபுரம் வண்டி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். நிறுத்தத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். கண்டக்டர் சிரித்தார். "பெரியவரே, நீங்களே டிக்கெட்டுங் குடுத்துப்போடுங்க." எழுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு மரியாதை.

முந்தாநாள் எங்கள் தண்ணீர் முறை. விடியும்போதே வாய்க்காலில் தண்ணீர். முக்கால் ஏக்கர் மக்காச்சோளமும் நனைந்தது. மதகு ஷட்டரின் சாவியை வைத்திருக்கும் சுபேதார், பட்டாளத்தில் இருந்தவர், நன்றாக இருக்கட்டும். 'சுபேதார்' எழுத நேரம் பிடிக்கிறது. இனி சு. என்று மட்டும்.

மாசி 6, செவ்வாய்

மேகம். மழை இல்லை. கட்டைவிரல் வலி, பேனாவை அழுத்திப் பிடிக்கிறேனாம்.

மாலை, முதியோர் எழுத்தறிவு வகுப்பில் கவிதா டீச்சர் செய்தித்தாள் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பத்தி. எனக்கு வந்த பத்தி: எங்கோ தூரத்தில் ஒரு நாடு. அங்கே ராணுவத் தளபதி ஒருவர் அரசாங்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஆண்டவர்கள் கொள்ளை அடித்தார்கள், அதனால் நான் வந்தேன் என்கிறார். ஜனங்கள் தெருவில் ஆடுகிறார்கள். படித்து முடித்தேன். எல்லாருக்கும் யார் ஞாபகம் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

டீச்சருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் பெருந்துறைப் பக்கம். "நல்ல தலைப்புங்க. ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வெச்சுக்கலாம். நாடு கெட்டுக் கிடந்தா ராணுவத் தலைவர் ஆட்சியை எடுக்கலாமா, எடுக்கக்கூடாதா?"

சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு 'எடுக்கலாம்'. கருப்பாத்தாளுக்கு 'எடுக்கக்கூடாது'. கருப்பாத்தாள் பக்கத்து வீடு, பக்கத்து நிலம், பக்கத்து பெஞ்ச்.

"ஏனுங்கண்ணா, சுபேதாருக்குக் குடை புடிக்கோணும்னே உங்களுக்குச் சீட்டு வந்திருக்குதாட்ட இருக்குது."

"சும்மா இரு அம்மணி. இது வேற நாட்டுச் சமாச்சாரம்."

"ஆமாமா. வேற நாடு. அங்கயும் வாய்க்கா இருக்குதுங்களா?"

மாசி 7, புதன்

சு. செய்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதிப் பார்க்க வேண்டும். பேச்சுக்கு உதவும்.

அமராவதியிலிருந்து வரும் எங்கள் கிளை வாய்க்காலுக்கு ஒரு பாசன சங்கம். நிலம் உள்ளவர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய தலைவர் காலம் முடிந்தும் தேர்தல் வைக்கவில்லை. இன்று நாளை என்று ஓட்டினார். ஷட்டர் சாவி அவர் இடுப்பில். தண்ணீர் திறந்தால் தலைமடைத் தென்னந்தோப்புகளோடு நின்றுவிடும். நாங்கள் கடைமடை, வாய்க்காலின் கடைசி. எங்களுக்குத் தண்ணீர் வந்ததாகச் சங்கத்தில் எழுதுவார்கள், வராது. போய்ச் சண்டை போடுவோம். "அடுத்த முறை பாக்கலாம்" என்பார்.

போன வருடம் சோளம் கருகியது. அப்போதுதான் சு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து நடுமடையில் விவசாயம் செய்தார். ஒரு நாள் காலை தாராபுரத்தில் புதுப் பூட்டு வாங்கிவந்தார். பழைய பூட்டை உடைத்தார். புதுப் பூட்டைப் போட்டார். ஒரு பலகையில் யாருக்கு எந்த நாள், எத்தனை மணி என்று எழுதி மாட்டினார். "இனிமே நான் பாத்துக்கறனுங்க" என்றார். யாரும் போடா என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வாய் வராது. "சரிங்க, நல்லதுங்க" என்று கலைந்தார்கள்.

மூன்றாம் நாள் கடைமடைக்குத் தண்ணீர். செல்வி செருப்பைக் கழற்றிப்போட்டு வாய்க்காலில் இறங்கி நின்றாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். முறை சரியாக வருகிறதா என்று கேட்க சு. எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். செல்வி கொடுத்த டீயைக் குடித்தார். அவர் அப்பா தோட்டத்தில் நான் சிறு வயது முதல் வேலை செய்தவன். அங்கே எனக்குத் தனிச் சிரட்டை. நான் "சாமீங்க" என்றதும் சு. கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் வேண்டாமுங்க. பட்டாளத்துல எல்லாரும் ஒரே அண்டாவுலதான் சாப்பிட்டம்." வாங்க போங்க என்றுதான் பேசுகிறார். இந்த மனிதரை எதிர்த்து நான் என்ன பேச முடியும். நல்லவேளை, சீட்டு சரியாக வந்தது.

மாசி 9, வெள்ளி

பனி குறைவு. செல்விக்குச் சளி.

பேச்சு ஒரு பக்கம் எழுதிவிட்டேன். முதல் வரி: 'வீடு பற்றி எரியும்போது கதவை உடைத்துக்கொண்டு வருபவனிடம், யாரைக் கேட்டு வந்தாய் என்று கேட்பதுண்டா?' எழுதி முடித்துப் பல தடவை படித்தேன். நான் எழுதியதுதானா என்று இருந்தது.

பேக்கரியில் டீ. ஊரே அந்தத் தூர நாட்டைப் பற்றித்தான் பேசுகிறது. காதில் விழுந்தவை:

"அந்தத் தளபதி வந்த பொறவு அந்த ஊருல எல்லாம் டைமுக்கு நடக்குதாமுங்க."

"நடக்கும் நடக்கும். அப்பறம் இறங்கச் சொன்னா இறங்குவாருங்களா?"

"எதுக்கு இறங்கோணும்? நல்லாத்தான செய்யறாரு."

"நாளைக்கு அவருக்கு வயசாச்சுன்னா? அவரு பையன் கையில சாவியக் குடுத்துப்போட்டா?"

"அந்த நாட்டுல ஏதுங்க சாவி?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சமயம் பார்த்து சு. பைக்கில் வந்து இறங்கினார். எல்லாரும் டீ டம்ளரைப் பார்த்தார்கள். "என்னங்க பேச்சு?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, வெளிநாட்டுச் செய்திங்க" என்றார் பேக்கரிக்காரர். மூலையில் பழைய தலைவர் வடையைப் பிய்த்துக்கொண்டே, "அந்த நாட்டு ஜனம் பாவமுங்க" என்றார். இவருக்கா பாவம் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஒன்று தோன்றியது. அவரிடம் நான் எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் பேச்சில் வராமல் நிற்கிறது. தீ அணைந்த பிறகு? இதற்கு வரி கிடைக்கவில்லை. விட்டுவிட்டேன்.

மாசி 11, ஞாயிறு

ஆண்டு விழா. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா. வெயில் கடுமை. பட்டிமன்ற நடுவர் யார் என்றால் சு.! டீச்சர்தான் கூப்பிட்டிருக்கிறார். ராணுவத் தலைப்பு, ராணுவத்துக்காரர் நடுவராக இருந்தால் பொருத்தம் என்று நினைத்தாராம். யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கருப்பாத்தாள் முதலில். தாளைப் பார்க்கவே இல்லை.

"எங்க மாமியா தங்கமான மனுசிங்க. யாரையும் ஒரு வேளை பசியோட விட்டதில்ல. எல்லாத்தையும் அவளே பாத்துக்குவா. அடுப்புப் பக்கம் என்னைய விடமாட்டா. அவ கண்ண மூடுன அன்னிக்கு, ஊடு நெறைய சனம், உப்பு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியல. நான் பேரன் எடுத்தவ. எனக்கு உப்பு எங்கன்னு தெரியல! நல்லவங்க கையில எல்லாச் சாவியும் இருந்தா இப்பிடித்தாங்க ஆகும்."

ஜனங்கள் கை தட்டினார்கள். சு. தலையை அசைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து நான். தாளைப் பார்த்தேன். என் கையெழுத்து என்னைத் தாங்கியது. வீடு, தீ, கதவு. கொள்ளை அடித்தவர்கள் தாமாகப் போகமாட்டார்கள். தேர்தல் வைக்க வேண்டியவனே வைக்காவிட்டால் ஜனங்கள் எங்கே போவது? சட்டம் எங்கள் பக்கம் பார்க்காதபோது பூட்டை உடைத்தவர் எங்களுக்குச் சட்டம் செய்தார். பூட்டு என்று சொல்லிவிட்டேன்! ஷாமியானா முழுக்கச் சிரிப்பு. டீச்சர் மட்டும் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தாமல் கடைசி வரை படித்துவிட்டேன். ஒரு எழுத்துகூட இடறவில்லை.

சு. எழுந்தார். நேராக நின்றார், அணிவகுப்பில் நிற்பதுபோல. பிறகு, "எடுக்கலாம்ங்கற கட்சி ஜெயிச்சுதுங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். விளக்கம் இல்லை.

பரிசு: எவர்சில்வர் தூக்குப் போசி. வாழ்நாளில் முதல் பரிசு. வரும் வழியில் கருப்பாத்தாள் என் போசியைத் தட்டிப் பார்த்தாள். "கனமாத்தான் இருக்குதுங்கண்ணா. நீங்க பேசுனத நீங்க நம்புனீங்களா?"

போசியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன். போசியில் செல்வி பால் வாங்கிவந்தாள்.

மாசி 12, திங்கள்

காலையில் பைக் சத்தம். சு. வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். செல்வி டீ வைக்கப் போனாள். அவர் கேட்டதும் கருப்பாத்தாள் கேட்டதேதான்.

"நேத்து நல்லாப் பேசுனீங்க. அது உங்க மனசுல இருக்கறதுங்களா, சீட்டுல வந்ததுங்களா?"

நாக்கு நுனியில் "மனசுல இருக்கறதுதானுங்க" என்று நின்றது. அப்படிச் சொல்லித்தான் பழக்கம். தண்ணீர் கொடுத்தவர். என் வீட்டில் டீ குடிப்பவர். இல்லை என்றால் அடுத்த முறை தண்ணீர் வருமா என்ற பயமும் வந்தது. அந்தப் பயம் வந்தவுடன்தான் எனக்குப் பதில் தெரிந்தது.

"தீப்புடிச்சப்ப நீங்க வந்தது சரிங்க. ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். அணைஞ்ச பொறவு, அணைச்சவரை உக்கார வெச்சுச் சோறு போடோணுமுங்க. ஊட்டையே எழுதிக் குடுக்கோணுமுங்களா?"

செல்வி டீயோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"பழைய தலைவரு திருடனுங்க. ஆனா அவரு ஊட்டு முன்னால போய் நின்னு நான் வாய்க்கு வந்தத கத்துவேன். எங்க ஓட்டுல வந்த ஆளுதான்னு ஒரு தெம்பு. உங்ககிட்ட எனக்குக் கும்புடத்தான் தெரியுதுங்க. நாளைக்குத் தண்ணி வராட்டி நான் யாரைக் கேக்கறது?"

சு. எழுந்து செல்வி கையிலிருந்த டீயை வாங்கிக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முப்பது வருசம் துப்பாக்கி எங்க கையில இருந்துதுங்க. டெல்லியில யார் யாரோ வந்தாங்க, போனாங்க. நல்லவன், கெட்டவன், எல்லாருக்கும் சல்யூட். யாரு ஆளோணும்னு நாங்க ஒரு நாளும் கேட்டதில்ல. அது எங்க வேலை இல்லைன்னு அத்தனை பெருமை. ரிட்டையர் ஆகி ஊருக்கு வந்தேன், மொத வேலையாப் பூட்டை வாங்கிட்டு வந்து மாட்டிப்போட்டேன். நேத்து அந்தம்மா உப்பு எங்கன்னு கேட்டப்ப எனக்குச் சுருக்குன்னுதுங்க. ஆனா மைக்குல எனக்கு எதிரா நானே தீர்ப்புச் சொல்ல வாய் வரல."

பிறகு கேட்டார், "தேர்தல் வெச்சா நீங்க யாருக்குப் போடுவீங்க?"

"உங்களுக்குத்தானுங்க."

"அப்பறம் எதுக்குங்க தேர்தல்?"

"போடாம இருக்கறதுக்கும் எனக்கு முடியோணுமுங்க."

சிரித்தார். டீ ஆறிவிட்டது. ஆனாலும் முழுவதும் குடித்துவிட்டுப் போனார். செல்வி, "மாமா, அடுத்த முறை தண்ணி வருமுங்களா?" என்றாள். தெரியவில்லை கண்ணு என்றேன்.

மாசி 15, வியாழன்

தண்ணீர் வந்தது. நேரத்துக்கு. சாமி நன்றாக வைக்கட்டும் அந்த மனிதரை.

ஷட்டர் பலகையில் புது எழுத்து: 'சங்கத் தேர்தல். வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு. தலைவர் பதவிக்குப் போட்டியிட விரும்புவோர் பெயர் கொடுக்கலாம்.' வாய்க்கால் கரையில் நின்றவர்களுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். ஒரு தடவை போதாது என்று மறுபடியும் படிக்கச் சொன்னார்கள்.

மாசி 17, சனி

காற்று. முருங்கைப் பூ முழுவதும் கொட்டிவிட்டது.

தேர்தலுக்கு வேறு ஒரு பெயர்கூட வரவில்லை. சு. பெயர் மட்டும். பேக்கரியில்: "அவரை எதுத்து யாருங்க நிக்கறது? மரியாதையா இருக்குமுங்களா?" "ஊருக்கு இத்தனை செஞ்ச மனுசன் மூஞ்சியில எப்பிடி முழிக்கறது?" பழைய தலைவரும் நிற்கவில்லை. தோற்றுப்போவார், அதனால். ஆள் ஒருவர்தான் என்றால் ஓட்டே கிடையாது. போட்டியின்றித் தேர்வு. பூட்டுப் போட்டதுபோலவே ஆகிவிடும்.

கருப்பாத்தாளைக் கேட்டேன். "நீ நில்லு அம்மணி. பேச்சுல புலி நீ."

"எனக்கு ஆடு இருக்குது, மாடு இருக்குது. போசி வாங்குனது நீங்கதானுங்களே. நீங்க நில்லுங்க."

நிலம் என் பெயரில் இருக்கிறது. மகன் பெருந்துறை கம்பெனியில் சம்பாதித்து என் பெயரில் வாங்கியது. நிற்கலாம். ஆனால் அவர் அப்பா தோட்டத்தில் வேலை செய்தவன் அவரை எதிர்த்து நிற்பதா.

மாசி 18, ஞாயிறு

குளித்து வெள்ளை வேட்டி கட்டி சு. வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டார். நாற்காலி.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை எதுத்து நிக்கலாம்னு இருக்கறனுங்க."

"சரிங்க."

"ஜெயிக்கறதுக்கில்லீங்க. ஓட்டு நடக்கோணும், அதுக்குத்தான்."

அவர் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இதென்னங்க, எதுத்து நிக்கறதுக்குப் பெர்மிசன் கேக்கறாரு?" சு. அவரைப் பார்த்து, "உனக்கொண்ணும் தெரியாது, டீ போடு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "முன்மொழிய ஆள் வேணுமுங்களே, இருக்குதுங்களா?" என்றார். இல்லை என்றேன். "நானே முன்மொழியறேன்" என்றார். சங்கத்துக்குப் போனால் அது செல்லாது என்றார்கள், கடைசியில் கருப்பாத்தாள் முன்மொழிந்தாள். ஆட்டை விட்டுவிட்டு வந்ததாக வழி முழுக்கத் திட்டினாள்.

மனுவில் என் பெயரை நானே எழுதினேன். ஆறுச்சாமி. நிலம் பத்திரம் ஆனபோது கைநாட்டு. இன்று கையெழுத்து. எழுதிய பிறகு தாளைக் கொடுக்க மனம் வரவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசி 22, வியாழன்

ஓட்டுக் கேட்கப் போனேன். கேட்கத் தெரியவில்லை. "சு. நல்லவருங்க, அவருக்கே போடுங்க, ஆனா கட்டாயம் வந்து போடுங்க" என்றேன். செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, உலகத்துல இப்பிடிப் பிரச்சாரம் யாரும் பண்ணியிருக்கமாட்டாங்க."

தலைமடைத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், "ஏப்பா ஆறுச்சாமி, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார். "தண்ணி வேலைதானுங்க" என்றேன். பதில் தானாக வந்தது. இரவு முழுக்க அதை நினைத்துச் சந்தோஷம்.

மாசி 25, ஞாயிறு

தேர்தல். வெயில். பள்ளிக்கூடத்தில். சீட்டில் இரண்டு பெயர் அச்சில். ஒன்று என்னுடையது. படித்தேன். மறுபடியும் படித்தேன். பின்னால் இருந்தவர் "சீக்கிரம் போடுங்க பெரியவரே" என்றார்.

நான் சு.வுக்குப் போட்டேன். மனசார.

எண்ணிச் சொன்னார்கள். சு. ஜெயித்தார், பெரிய வித்தியாசம். எனக்குப் பதினான்கு. நான் எனக்குப் போடவில்லை, அப்படியும் பதினான்கு! கடைமடையில் யார் யார் என்று யோசித்துக் கணக்குப் பார்த்தால் பதின்மூன்றுதான் வருகிறது. கருப்பாத்தாள் உட்பட.

சு. வந்து என் கையைப் பிடித்தார். குனிந்து காதில் சொன்னார். "ஒண்ணு என்னுதுங்க."

இரண்டு பேரும் அவ்வளவு சிரித்தோம். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. நன்றி என்ற வார்த்தையை எழுதக் கற்றுக்கொண்ட நாளில் இருந்து இன்றுதான் அதை யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. டீச்சருக்கு. கருப்பாத்தாளுக்கு. அந்தப் பதின்மூன்று பேருக்கு. அவருக்கு.

மாசி 28, புதன்

எங்கள் முறை. விடிந்தது, தண்ணீர் இல்லை. ஏழு மணி. இல்லை. எட்டு மணி. மக்காச்சோளம் பால் பிடிக்கும் நேரம். வாய்க்கால் கரையோடு நடந்தேன், ஷட்டர் வரை. சு. முழங்கால் தண்ணீரில் நின்று எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். கரையில் பத்துப் பேர்.

என்ன ஆயிற்றோ தெரியவில்லை. வாயைத் திறந்தேன். "ஏனுங்க சுபேதாரே! மணி எட்டாகுது, எங்க தண்ணி எங்கீங்க? ஓட்டு வாங்குனது இதுக்குத்தானுங்களா?"

கரையில் இருந்தவர்கள் திகைத்தார்கள். என் குரல் எனக்கே புதிது.

சு. நிமிர்ந்தார். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு.

"தென்னை மட்டை வந்து ஷட்டர்ல மாட்டிக்கிச்சுங்க. அரை மணி குடுங்க. தப்புத்தான்."

"அரை மணிக்கு மேல ஆகக்கூடாதுங்க!" என்றேன். திரும்பி நடந்தேன். பின்னாலேயே வந்த கருப்பாத்தாள், "இன்னும் கொஞ்சம் சத்தமாக் கேளுங்கண்ணா" என்றாள்.

எழுதும்போதே சத்தம் கேட்கிறது. வாய்க்காலில் வந்துவிட்டது. மண்வெட்டியை எங்கே வைத்தாள் இந்தச் செல்வி